காப்பியம் எழுதிய இரண்டாவது ஆள்

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் மாமா பட்டு நெய்தார். நெய்துகொண்டே புலவர்களின் குட்டையும் உடைத்தார். பாடப்புத்தகத்தில் வரும் எந்தக் காப்பியத்தையும் ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது என்பது அவர் கட்சி.

"ஒண்டி ஆளா கோர்வைப் பொடவை நெய்ய முடியுமா? உடம்புக்கு ஒருத்தரு, கரைக்கு ஒருத்தரு வேணும். இம்மாம் பெரிய காப்பியத்த மட்டும் தனியா எழுதிட்டாராமா? பக்கத்துல யாரோ குந்திக்கினு இருந்திருக்காங்கமா. பேரு வுட்டுப்போச்சு."

அவர் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளியவர் அவர் மனைவி, எங்கள் அத்தை. இந்தப் பேச்சு வந்தால் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொள்வார்.

ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில், 'இக்காப்பியத்தை இயற்றியவர் யார்?' என்று கேட்டிருந்தார்கள். புலவரின் பெயரை எழுதி, 'மற்றும் அவர் மனைவி' என்று சேர்த்துவிட்டேன். டீச்சர் மெச்சிக்கொள்வார் என்று வேறு நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

தமிழ் டீச்சருக்கு வந்ததே கோபம்! "கிண்டலா? வீட்டுல பெரியவங்கள கூட்டிக்கினு வா. அப்புறம் கிளாஸுல உக்காரலாம்."

அப்பாவிடம் சொன்னால் தோலை உரித்துவிடுவார். மாமாவைத்தான் அழைத்துப் போனேன். ஆட்டோவில் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: இந்த மனிதர் அங்கே வந்து கோர்வை, கரை என்று ஆரம்பித்தால் என் படிப்பு அன்றோடு சரி.

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்புதாங்க டீச்சர். ஒருத்தர்தான் எழுதுனாரு. நான்தான் புள்ளைகிட்ட ஏதோ உளறிட்டேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அன்று மதியச் சோறு எனக்கு அத்தனை ருசித்தது.

சாயங்காலம் தறியில் இருந்த அத்தை, "இன்னா ஆச்சு?" என்று கேட்டார். "ஒருத்தர்தான்னு ஒத்துக்கினு வந்துட்டேன்" என்றார் மாமா, அத்தை முகத்தைப் பார்க்காமல். தறிக்கு மேலே சுவரில் சிறந்த நெசவாளர் சான்றிதழ் தொங்கியது. அதில் மாமாவின் பெயர் மட்டும் இருந்தது.

"புள்ள தப்பிச்சிச்சில்ல, வுடுங்க" என்று சொல்லி அத்தை நாடாவை எடுத்தார்.

அதற்குப் பிறகு மாமா காப்பியப் பேச்சையே எடுக்கவில்லை. பைத்தியம் தெளிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அதுவரை அத்தனை நாளும் அந்தப் பேச்சால்தான் அவர் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.