கனத்தது என் தோளா, ஜீப்பின் ஸ்டியரிங்கா?

சென்ற ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டு வருவதற்காகச் சித்தூரிலிருந்து திருச்சானூருக்குப் புறப்பட்டோம். போவது ஜீப்பில், திரும்புவது பஸ்ஸில் என்பது திட்டம். பஸ்ஸுக்கென்று சில்லறைகூடச் சட்டைப்பையில் தனியாக எடுத்து வைத்திருந்தேன். பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கும், அதில் திருப்பதி, வடமாலபேட்டைப் பக்கம் சுற்ற நினைப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை பயன்படலாம். பயன்படாமலும் போகலாம். நான் மெக்கானிக் இல்லை, கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வயது எழுபத்திரண்டு.

கொடுப்பதற்குக் காரணம் என் தோள். ஜூன் மாதத்திலிருந்து ஸ்டியரிங் கனக்கத் தொடங்கியது. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிதான். எஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பும், அது நம் கைக்கு உதவும். உதவி குறைந்ததுபோல் தெரிந்ததும் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. கீழே ஒழுக்கு இல்லை. எண்ணெய் டப்பாவின் மூடி மே மாதத்தில் உடைந்துபோயிருந்தது, ஆனால் அதற்கு என் மனைவி எஸ்தர் அப்போதே ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். ஆகவே வண்டியில் குறை இல்லை, குறை என்னிடம்தான் என்று முடிவு கட்டினேன்.

அப்படி நினைக்க வலுவான ஆதாரமும் இருந்தது. காலையில் வண்டியை எடுத்ததும் ஐந்து நிமிடம் ஸ்டியரிங் இலகுவாக இருக்கும். பிறகு கனக்கும். எங்காவது நிறுத்தி இளைப்பாறிவிட்டு எடுத்தால் மறுபடி இலகுவாகும், மறுபடி கனக்கும். ஓய்வெடுத்தால் தெம்பு, வேலை செய்தால் தளர்ச்சி. இது கிழவனின் தோள் அல்லாமல் வேறென்ன? டாக்டரிடம் போனேன். இந்த வயதில் தசை தளர்வது சகஜம் என்று சொல்லி, ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேலும் கீழும் இழுக்கும் பயிற்சியைக் கொடுத்தார். தவறாமல் செய்தேன். ஸ்டியரிங் இன்னும் கனத்தது. ஐதராபாத்தில் இருக்கும் மகள் போனில், "அப்பா, போதும். வண்டியை தாவீது மாமாவுக்குக் குடுத்துடுங்க" என்றாள். தாவீது எஸ்தரின் தம்பி. திருச்சானூரில் வீடு, வடமாலபேட்டைக்கு உள்ளே மாந்தோட்டம். தோட்டத்துப் பாதைக்கு அவனுக்கும் இப்படி ஒரு வண்டி தேவையாக இருந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டேன். பொதுவாகவே நான் சரி என்று சொல்லிவிடுகிற ஆள்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். பாகாலா, சந்திரகிரி வழியாகப் போகும் சாலை நன்றாக இருக்கிறது. நேர்ச்சாலையில் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங்குக்கு உதவி அதிகம் வேண்டியதில்லை என்பதால் வண்டி சாதுவாக ஓடியது. இருபுறமும் மாந்தோப்பு, தூரத்தில் மலை. கடைசி முறை என்ற எண்ணத்தில் நான் எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். "ரோட்டப் பாருங்க" என்று எஸ்தர் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

பாகாலாவில் இட்லிக்காக அரைமணி நேரம் நிறுத்தினோம். கிளம்பியபோது வழக்கம்போல ஸ்டியரிங் இலகு. "பாருங்க, துன்னதும் தெம்பு வந்திடுச்சி" என்றாள் எஸ்தர். ஆதாரம் இன்னும் வலுவானது.

ஒன்பது மணி சுமாருக்குத் திருச்சானூர். கோவில் பக்கம் போகும் தெருக்களில் ஷேர் ஆட்டோக்கள் எறும்புச் சாரிபோல் வந்துகொண்டே இருக்கும். பெரிய வண்டியில் வருகிறவர்கள் எட்டு மணிக்கு முன்பே உள்ளே வந்துவிடுவது நல்லது. தாவீதின் தெருவுக்குள் வலதுபுறம் திரும்பவேண்டிய இடத்தில் என் ஸ்டியரிங் பாதியிலேயே நின்றுவிட்டது. பம்பு முனகியது, நானும் முனகினேன். ஜீப் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது.

பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஓட்டுநர் தலையை நீட்டினார். "பெத்தாயனா, கொஞ்செம் பக்ககி தீயண்டி!" என்று, கொஞ்சம் ஓரமாக எடுக்கச் சொல்லித் தெலுங்கில் மரியாதையாகத் தொடங்கி, நான் அசையாததைக் கண்டு தமிழுக்கு மாறினார். "பின்னாடி பாரு பெரியவரே, ஊரே நின்னுக்கினு கீது!"

தாவீது ஓடி வந்தான். நாற்பத்தாறு வயது. ஒரு காலத்தில் மாவட்ட அளவில் கபடி ஆடியவன், இன்றும் மாங்காய்க் கூடையை ஒற்றைக் கையால் லாரியில் ஏற்றுகிறவன். "எறங்கு மாமா, நான் பாத்துக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தான். திருப்பினான். அது திரும்பவில்லை. இன்னொரு முறை எழுந்து நின்று இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

"இன்னா மாமா இது? செக்கு மாதிரி கீது!"

"செக்குன்னா மாடு கட்டு அண்ணா!" என்றார் ஆட்டோக்காரர்.

"நீ எறங்கி வா, உன்னையே கட்டறேன்!"

தாவீதின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி ஒரு கிறிஸ்தவனுக்கு அழகில்லை. ஆனால் உண்டானது. இரண்டரை மாதமாக நான் துண்டை இழுத்தது வேறு யாருடைய நோய்க்கோ மருந்து சாப்பிட்டதுபோலத்தான். அப்படியென்றால் நோயாளி ஜீப்.

ஆட்டோவில் வந்த பயணிகள் இறங்கித் தள்ள, வண்டி எப்படியோ தாவீதின் வீட்டு வாசலுக்கு வந்தது. "மெக்கானிக்கை இட்டாரட்டா?" என்றான். ஒரு மணி நேரம் கொடு என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதலில் முன்சக்கரங்களில் காற்று. காற்று குறைந்தாலே ஸ்டியரிங் கனக்கும், செலவில்லாத சோதனை அது. சரியாக இருந்தது. அடுத்து பம்பைச் சுழற்றும் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் அகலத்துக்கு மேல் தொய்யவில்லை, வழுக்கின பளபளப்பும் இல்லை. பிறகு ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினோம். இரு பக்கமும் கடைசிவரை தடையில்லாமல் போனது. இணைப்புகளில் இறுக்கம் இல்லை என்று அர்த்தம். மிச்சம் இருப்பது பம்பும் எண்ணெயும்தான். எஞ்சினை ஓடவிட்டு தாவீதை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, எண்ணெய் டப்பாவைப் பார்க்கக் குனிந்தேன். முனகல் தொடங்கியது. அவனும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக, "இது இன்னா? ஊறுகாயா?"

டப்பாவின் வாயில் வெள்ளைத் துணி. சுற்றிலும் நூல் கட்டி, மேலே அழகான முடிச்சு. எங்கள் வீட்டு ஆவக்காய் ஜாடிக்கு எஸ்தர் வேடு கட்டுவது அப்படித்தான்.

"மூடி ஒடஞ்சி போச்சிடா. தூசி பூரக்கூடாதுன்னு கட்டிக்கினு இருக்கேன். சும்மா ஒண்ணும் இல்ல, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சர்ச்சிலருந்து வந்ததும் புதுத் துணி மாத்தறேன், தெரியுமா?"

"உப்பு போட்டியா?"

"ஒத படுவே."

நான் சிரிக்கவில்லை. புதுத் துணி என்ற வார்த்தை காதில் நின்றுவிட்டது. என் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள் அவை. கிழித்த விளிம்பெல்லாம் நூல் பிரிந்து தொங்கும். வாரம் ஒரு புது விளிம்பு, மாற்றும்போதெல்லாம் டப்பாவுக்குள் உதிரும் நூல். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால், எண்ணெய் கடைந்த மோர்போல் நுரைத்திருந்தது. நுரை என்றால் பம்பு எண்ணெயோடு காற்றையும் இழுக்கிறது. குழாய் இணைப்பு தளர்ந்தால் அப்படி ஆகும், ஆனால் குழாய்கள் இறுக்கமாக, ஈரமில்லாமல் இருந்தன. எண்ணெய் போகும் வழி அடைத்திருந்தாலும் அப்படியே ஆகும்.

ஒரு ரப்பர் குழாயால் எண்ணெயை வெளியே எடுத்தோம். அடியில் இருந்த சல்லடை வலையின் மேல், பஞ்சு மெத்தைபோல் ஒரு வட்டம். என் வேட்டிதான்.

அங்கேயே விஷயம் புரிந்தது. எஞ்சின் நின்றிருக்கும்போது நூல்கள் மிதக்கும், வலை திறந்திருக்கும். ஓடத் தொடங்கியதும் பம்பின் இழுப்பில் ஒவ்வொன்றாக வந்து வலையில் ஒட்டும். ஐந்து நிமிடத்தில் வழி மூடிவிடும். நிறுத்தினால் மறுபடி மிதக்கும். ஓய்வெடுத்தால் தெம்பு, வேலை செய்தால் தளர்ச்சி! என் தோளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

தாவீது ஸ்கூட்டரில் திருப்பதிக்குப் போய் எண்ணெய் இரண்டு லிட்டர், புது மூடி, இரண்டு கிளிப் வாங்கி வந்தான். 940 ரூபாய். மூடி வேறு வண்டியுடையது, ஆனால் நன்றாக உட்கார்ந்தது. அதற்குள் நானும் எஸ்தரும் வலையை டீசலில் கழுவி வைத்தோம். கழுவிய வலையையே அவள் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். "வேடு நல்லாத்தான் கட்டியிருந்தே. ஒரு பொட்டு தூசி உள்ள போகல" என்றேன். "போங்க" என்றாள், ஆனால் சிரித்துவிட்டாள்.

புது எண்ணெய் ஊற்றியதும் எஞ்சினை உடனே ஓடவிடக்கூடாது. முன்சக்கரங்கள் தூக்கிய நிலையிலேயே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்துப் பதினைந்து முறை நிதானமாகத் திருப்பவேண்டும். குமிழிகள் வெளிவரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றவேண்டும். குமிழி நின்ற பிறகு எஞ்சின். முனகல் இல்லை. எஸ்தர் சுண்டுவிரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினாள்.

"தோட்டத்தாண்ட போயி ஒரு ரவுண்டு பாத்துடலாம்" என்றான் தாவீது. சென்னைச் சாலையில் வடமாலபேட்டை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், அங்கிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் மண்பாதை. ஓடை ஒன்றைக் கடக்கவேண்டும், ஆகஸ்டில் கணுக்கால் அளவு தண்ணீர். நான்தான் ஓட்டினேன். உருண்டைக் கற்களுக்கு நடுவே ஜீப் நான் சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது. மேட்டில் ஏறி மாமரத்தடியில் நிறுத்தியதும், தாவீது பானெட்டைத் தட்டிக்கொடுத்தான்.

"சூப்பரா கீது மாமா. ஷெட்டுகூட காலி பண்ணி வெச்சிட்டேன்."

உண்மையாகவே காலி செய்திருந்தான், தரையைப் பெருக்கித் தண்ணீர்கூடத் தெளித்திருந்தான். சாவி என் கையில் இருந்தது. வாக்குக் கொடுத்தவன் நான். கொடுக்கமாட்டேன் என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன பழக்கமும் எனக்கு இல்லை. எஸ்தர் என்னைப் பார்த்தாள், பிறகு வேண்டுமென்றே மாமரத்தைப் பார்த்தாள்.

"தாவீது," என்றேன். "சாவியைக் குடுக்கறதா வேணாமான்னு யோசிக்கறேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். "ஓடையில நீ ஓட்டும்போதே நெனச்சேன். சரி, யோசிச்சிக்கினே ஊட்டுக்குப் போ மாமா. ஆனா ஒண்ணு. மாங்கா சீசன்ல வண்டி எனக்கு வேணும். வண்டியோட டிரைவரும் வேணும்."

"டிரைவருக்கு வயசாயிடுச்சிடா" என்றாள் எஸ்தர்.

"வண்டிக்கும்தான் வயசாச்சி. ரெண்டுத்துக்கும் நீ வேடு கட்டாம இருந்தா போதும்."

நாலு மணிக்குக் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே சித்தூர் வந்துவிட்டோம். பஸ்ஸுக்கு எடுத்து வைத்த சில்லறையில் பாகாலாவில் இரண்டு கோலி சோடா குடித்தோம்.

உங்கள் பழைய வண்டியிலும் ஸ்டியரிங் கனத்தால் காற்று, பெல்ட், எண்ணெய் என்று மலிவானதிலிருந்து தொடங்குங்கள். எண்ணெய் மட்டம் சரியாக இருந்தாலே போதும் என்று என்னைப்போல் நினைக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது நுரைக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்த மூடிக்கு மூடியே வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்களைவிட இளையவர், பலசாலி ஒருவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். அவருக்கும் வியர்த்தால் டாக்டரிடம் போகவேண்டியது வண்டிதான்.

டாக்டர் சொன்ன பயிற்சிக்கு வைத்திருந்த துண்டு இப்போது ஜீப்பில் இருக்கிறது. காலையில் கண்ணாடியில் படியும் பனியை அதைக்கொண்டுதான் துடைக்கிறேன். மேலும் கீழும், இரண்டு கையாலும்.