டாக்டர் சொன்ன சர்க்கரை

1962 ஜூலை முதல் வாரம், திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு என் எடை நூற்று எண்பத்துநான்கு பவுண்டு. நிமிடம் வரைக்கும் சொல்கிறேன் என்று யாரும் சிரிக்க வேண்டாம். அன்றைக்கு என் வேலையே அந்த எண்ணை நம்பித்தான் இருந்தது.

விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று வருடமாக நான் தற்காலிகச் சரித்திர ஆசிரியர். அந்த வருடம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். உடல் தகுதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. செப்டம்பர் முடிவதற்குள் அது தலைமையாசிரியர் மேசைக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அந்த வேறு ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும். என்னைவிட முப்பது பவுண்டு குறைவானவர்.

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

“ரத்த அழுத்தம் மேல நிக்குது சார். எடைதான் காரணம். இப்ப நான் கையெழுத்துப் போட முடியாது. செப்டம்பர் கடைசி வாரம் வாங்க. பன்னண்டு பவுண்டு குறைச்சிட்டு வாங்க, போட்டுத் தர்றேன்.”

“என்ன சாப்பிடணும் டாக்டர்?”

“என்ன சாப்பிடக் கூடாதுன்னு கேளுங்க. சர்க்கரையைத் தொடவே கூடாது. இனிப்பு இல்லாம முடியாதுன்னா சர்க்கரைக்குப் பதிலா சாக்கரின் மாத்திரை இருக்கு. அதைப் போட்டுக்குங்க.”

நூற்று எழுபத்திரண்டு என்று சட்டைப் பையில் இருந்த சீட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாசலிலேயே கேட்டாள்.

“என்ன சொன்னாக?”

“சர்க்கரையத் தொடக் கூடாதாம்.”

“அம்புட்டுத்தானா?” என்றாள். அவள் முகத்தில் நிம்மதி. எனக்கும் நிம்மதிதான்.

இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக, மணல் மாதிரி இருப்பதன் பெயர் சீனி. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பொங்கலுக்கும் கொழுக்கட்டைக்கும் சர்க்கரை. விருந்தாளி காப்பிக்குச் சீனி. எங்கள் சொந்தக் காப்பிக்குக் கருப்பட்டி.

மனைவி அன்று மாலையே சமையலறையைச் சீர்திருத்தினாள். வெல்லப் பானை பரணுக்குப் போனது. கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“இதுவும் சர்க்கரைக்குப் பங்காளிதான. இது மட்டும் எப்பிடி ஆகும்?” என்று அதையும் ஏற்றிவிட்டாள். “இனிமே உங்களுக்குச் சீனிக் காப்பிதான். காய்ச்சக்காரங்களுக்கே சீனிதான குடுக்காக. அது ஒண்ணும் செய்யாது.”

இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் நிறையப் படிக்கிறவன் என்று பெயரெடுத்தவன். நூலகத்தில் உணவைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எடுத்துப் படித்தேன். இரண்டும் சர்க்கரையைத்தான் திட்டின. திட்டிய இடத்தில் எல்லாம் வெல்லம் என்று நானே வைத்து வாசித்துவிட்டேன். செய்தித்தாளில் ‘சர்க்கரை ஆலை’ என்று வந்தால் என்ன ஆலை என்று எனக்குத் தெரியும். ஆனால் செய்தித்தாளுக்கு ஓர் அறையும் அடுப்படிக்கு ஓர் அறையும் மூளைக்குள் தனித்தனியாக இருந்திருக்கின்றன. நடுவில் கதவு வைக்கவில்லை.

சாக்கரின் மாத்திரை விருதுநகரில் நான் கேட்ட கடைகளில் இல்லை. எங்கள் அறிவியல் ஆசிரியர் தினமும் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் மறுநாளே வாங்கிக்கொண்டு வந்தார். சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே மிளகைவிடச் சிறிய வெள்ளை மாத்திரைகள்.

“எங்கன வாங்குனாக?” என்றாள் மனைவி.

“சிவகாசியில, மருந்துக் கடையில.”

“சிவகாசியில மருந்துன்னா வெடிமருந்துல்ல? காப்பியில போட்டு, தீக்குச்சியும் கிழிச்சுப் பாக்கணுமோ?”

அதனால் காப்பிக்கு அதைப் போடவில்லை. காப்பிக்குத்தான் சீனி இருக்கிறதே. டாக்டர் சர்க்கரைக்குப் பதிலாகத்தானே மாத்திரை சொன்னார்; சர்க்கரை போடுகிற பண்டம் ஏதாவது செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று குப்பி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தது.

அறிவியல் ஆசிரியர் மாத்திரையோடு நிற்கவில்லை. ஆசிரியர் அறையில் எனக்குத் தனி வகுப்பே எடுத்தார்.

“நெய்யி, நல்லெண்ணெய் எல்லாத்தையும் விட்டுருங்கய்யா. டின்ல வர்ற வனஸ்பதிக்கு மாறுங்க. மெஷின்ல செஞ்சது. கொழுப்ப எல்லாம் எடுத்துட்டுத்தான் டின்ல அடைப்பான்.”

“கொழுப்ப எடுத்துட்டா டின்ல மிச்சம் என்னய்யா இருக்கும்?”

“அதான்யா விஞ்ஞானம்.”

காலையில் இட்லிக்குப் பதிலாக பிஸ்கட் என்றும் அவர்தான் சொன்னார். இட்லி நாலு தின்றால் வயிறு நிறைகிறது; பிஸ்கட் எட்டு தின்றாலும் நிறைவதில்லை. நிறையாதது எப்படி எடை கூட்டும் என்று கேட்டார். அந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை; வனஸ்பதி டின்னும் பிஸ்கட் டப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டன.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் ஐந்தரைக்கு ரயில் நிலையத்துக்குப் போய், காசு போட்டால் சீட்டுத் தரும் எடை இயந்திரத்தில் ஏறினேன். அந்தச் சீட்டுகள் வரிசையாக ஒரு நூலில் கோத்து இன்னும் என்னிடம் இருக்கின்றன. முதல் சனிக்கிழமை நூற்று எண்பத்தைந்து. இரண்டாவது, நூற்று எண்பத்தாறு. மூன்றாவது, நூற்று எண்பத்தேழு. சீட்டின் பின்பக்கம் பலன் அச்சிட்டிருக்கும். மூன்றாவது வாரத்தில் ‘நீங்கள் மேலும் மேலும் வளர்வீர்கள்’ என்று இருந்தது.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போனோம். எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று மனைவி மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தாள். ஆற்று மணலில் இரண்டு அடுப்புக் கூட்டினாள். பெரிய பானையில் வெல்லம் போட்டு அம்மனுக்கு. சின்னச் சட்டியில் எனக்கு. குப்பிக்கு அன்றுதான் முதல் வேலை வந்தது. எத்தனை போடுவது என்று யாருக்கும் தெரியாததால் அரிசி அளவைப் பார்த்து இருபது மாத்திரை போட்டுக் கொதிக்க வைத்தாள்.

பக்கத்து அடுப்பில் சாத்தூர்க்காரப் பெண் ஒருத்தி. எங்கள் சின்னச் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

“என்ன மதினி, பொங்கல் வெள்ளையா இருக்கு? சர்க்கரை போட மறந்துட்டீகளா?”

“ருசி பாருங்களேன்” என்று மனைவி ஒரு கரண்டி இலையில் வைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண் வாயில் போட்டாள். முகம் ஒரு பக்கமாகப் போனது.

“ஆத்தாடி! வேப்பங்கொழுந்த அரைச்சு ஊத்துனீகளா?”

“மாத்திரைப் பொங்கல்ம்மா.”

“மாத்திரையா? அம்மனுக்கு எதுக்கு மாத்திரை?”

“அம்மனுக்குப் பெரிய பானை. இது எங்க வீட்டுச் சாமிக்கு” என்று என்னைக் கைகாட்டினாள். சுற்றி இருந்த நாலு அடுப்பும் சிரித்தது.

அந்த மாத்திரையைக் கொதிக்க வைத்தால் கசக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அந்தப் பொங்கலைப் பாதிச் சட்டி வரை சாப்பிட்டேன். வேலை நிரந்தரமாவதற்கு இதுவும் ஒரு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு விழுங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு மாதக் கணக்குப் பார்க்க டாக்டரிடம் போனேன். எடை பார்ப்பது அங்கே நர்ஸம்மாவின் வேலை. நாற்பது வயதிருக்கும், எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் அவர் குரல்தான் தனியாகக் கேட்கும். தராசுக் குண்டை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார்.

“என்ன சார், நூத்தி எண்பத்தெட்டு? குறைச்சுட்டு வரச் சொன்னா கூட்டிட்டு வந்திருக்கீக!”

“சர்க்கரைய ஒரு மாசமாத் தொடல நர்ஸம்மா. கருப்பட்டியக்கூட விட்டாச்சு.”

“அப்ப காப்பிக்கு?”

“சீனிதான்.”

“எம்புட்டு?”

“தம்ளருக்கு மூணு கரண்டி. நாளைக்கு அஞ்சு தம்ளர்.”

நர்ஸம்மா பதிவுப் புத்தகத்தை மூடினார். வாயைச் சேலைத் தலைப்பால் மூடினார். பிறகு, பாடகர் குழுவுக்கு ஏற்ற குரலில் சிரித்தார்.

“சார், டாக்டரு சர்க்கரைன்னு சொன்னதே சீனியத்தான்! அவுக ஊர்ல சீனிக்கு அதுதான் பேரு!”

நான் தராசிலிருந்து இறங்க மறந்து அப்படியே நின்றேன். உள்ளே இருந்து டாக்டர் வந்தார். “சீனின்னா எது?” என்று கேட்டார். நர்ஸம்மா விளக்கினார். டாக்டரின் முகம் மெல்ல வெளுத்தது.

“அப்படின்னா இந்த மூணு மாசமா நான் ஊரெல்லாம் சொன்னது...”

“வெல்லத்த நிறுத்தச் சொல்லியிருக்கீக டாக்டர்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட நேரமும் இல்லை. பன்னிரண்டு இப்போது பதினாறாகிவிட்டது. செப்டம்பர் அங்கேயேதான் இருந்தது.

“டின், பாக்கெட், குப்பி, எதுவும் வேண்டாம் சார்” என்றார் நர்ஸம்மா. “வீட்டுல ஆதியில என்ன செஞ்சீகளோ அதையே அளவாச் சாப்பிடுங்க. நடங்க.”

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. மூன்று கரண்டி போட்டது அவள் கை. அன்றிரவு சீனி டப்பா பரணுக்கு ஏறியது, கருப்பட்டி கீழே இறங்கியது. வனஸ்பதி டின்னை அறிவியல் ஆசிரியருக்கே கொடுத்துவிடச் சொன்னாள். “அவுகதான மெலிஞ்சு போயிருக்காக, உடம்பு தேறட்டும்.”

காலையில் கம்பங்கூழும் மோரும் சின்ன வெங்காயமும். மதியம் சோறு ஒரே ஒரு தடவை, சுரைக்காயோ அவரைக்காயோ சோற்றைவிட அதிகமாக. இரவில் கேப்பை ரொட்டி, கொள்ளு ரசம். விடிகாலையில் சூலக்கரை வரை நடந்து திரும்புவேன். காப்பி இனிப்பே இல்லாமல். புளியங்கொட்டை அளவு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அதைக் குடிக்கலாம் என்று சலுகை. முதல் நாள் அந்தத் துண்டு முதல் மிடறிலேயே தீர்ந்துவிட்டது. பத்தாம் நாள் கடைசி மிடறு வரைக்கும் வந்தது.

சாக்கரினையும் விட்டுவிடவில்லை. ஒரு வாரம் முறைப்படி, ஆறிவரும் காப்பியில் ஒரு மாத்திரை போட்டுக் குடித்துப் பார்த்தேன். பழி சொல்ல மாட்டேன். இனிக்கத்தான் செய்தது, எடையும் ஏறவில்லை. ஆனால் குடித்து முடித்ததும் நாக்கு இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு இருந்தது. இனிப்பு வந்ததாகச் செய்தி வந்தது, ஆள் வரவில்லை என்கிற மாதிரி. அந்த வாரத்தில்தான் பிஸ்கட் டப்பாவை இரண்டு முறை திறந்தேன். கருப்பட்டியைக் கடித்த வாரங்களில் திறக்கவில்லை. குப்பியைக் காலி செய்யாமலே மூடிவிட்டேன்.

அதற்காக, மண்ணில் விளைந்தது எல்லாம் உடம்பை இளைக்க வைக்கும் என்றும் நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் நான்காம் சனிக்கிழமை, ஆசிரியர்கள் சேர்ந்து புரோட்டாக் கடைக்குப் போனோம். சுத்தமான கடலை எண்ணெய். கண் முன்னாலேயே பொரித்தார்கள். நான்கு சாப்பிட்டேன். அடுத்த வாரச் சீட்டில் ஒன்றரை பவுண்டு ஏறியிருந்தது. எண்ணெய் நல்ல எண்ணெய்தான். நான்கு என்பதுதான் கெட்ட எண்.

செப்டம்பர் நான்காம் சனிக்கிழமை நூற்று எழுபத்தைந்து. அன்றிலிருந்து மனைவி எனக்கு முன்னால் உட்கார்ந்து அதே கூழைக் குடித்தாள். ஏன் என்று கேட்டேன். “தனியாப் பட்டினி கிடந்தா உங்களுக்குக் கோவம் வருது” என்றாள்.

செப்டம்பர் கடைசி வாரம், வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. மறுநாள் பள்ளி அரை நாள்தான். அன்றைக்கே கையெழுத்து வாங்கியாக வேண்டும். மனைவியும் கூட வந்தாள். செருப்பு, கைக்கடிகாரம், பேனா, சாவிக்கொத்து எல்லாவற்றையும் அவள் மடியில் கழற்றி வைத்தேன்.

உள்ளே போனால் பழைய தராசைக் காணோம். புதிதாக ஒன்று நின்றது. அதில் கிலோதான் இருந்தது. அந்த வருடம் எல்லா இடத்திலும் பவுண்டு போய்க் கிலோ வந்துகொண்டிருந்தது.

“எழுபத்தெட்டரை” என்றார் நர்ஸம்மா.

டாக்டர் காகிதத்தில் பெருக்கினார். “ரெண்டு புள்ளி ரெண்டால பெருக்கினா... நூத்தி எழுபத்திரண்டு சொச்சம். வந்துட்டீங்க சார்!” என்று பேனாவைத் திறந்தார்.

எனக்கு வாய் நமநமத்தது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

“டாக்டர், ஒரு கிலோ ரெண்டு புள்ளி ரெண்டு பூஜ்யம் நாலு ஆறு பவுண்டு. சரியாப் பெருக்கினா நூத்தி எழுபத்துமூணு வரும்.”

மனைவி மடியில் சாவிக்கொத்து ஒரு தரம் குலுங்கியது. நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய மதம் அனுமதிக்காத வார்த்தைகள் நிறைய இருந்தன.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பட்டையை எடுத்து என் கையில் சுற்றினார். காற்றடித்தார். பாதரசம் இறங்குவதை நான்கு பேரும் பார்த்தோம். அது நல்ல இடத்தில் வந்து நின்றது.

“எடையை நான் கேட்டதே இதுக்காகத்தான்” என்றார். “ஒரு பவுண்டுல என்ன இருக்கு? போன தடவை என் வாயால உங்களுக்கு நாலு ஏறிச்சு. அதுல ஒண்ணு என் பேர்ல இருக்கட்டும்.”

கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வாசலுக்கு வந்ததும் மனைவி கடிகாரத்தையும் சாவியையும் என் கையில் திணித்தாள். “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா நீங்க? ரெண்டு மாசமா நானும்ல கூழு குடிச்சேன்!” இரண்டு மாதம் இல்லை, ஆறு நாள் என்று எனக்குத் தெரியும். இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பள்ளிக்குப் போய்ச் சான்றிதழைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, துளையிட்டு, என் கோப்பில் கோத்தார்.

“வந்தது நல்லதாப் போச்சு. எட்டாம் வகுப்புல ஆள் இல்ல, சத்தம் போடுறானுக. போய்ப் பாருங்க” என்றார்.

போனேன். அன்று பாடம் மொகலாயர்கள்.