பெரட்டுக் களத்துச் சம்மதம்

பாக்கியலெட்சுமி தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போனது மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. பெண்கள் கொழுந்துக் கூடையோடு மேலே ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் மட்டும் ஒரு பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். லுணுகலையில் பஸ் ஏறிவிட்டாள். கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை என்று தாயிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அன்று மத்தியானமே செய்தி பதுளைக்கு வந்துவிட்டது. கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது றஷீதா நடத்தும் நிலையம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பதும், இரு தரப்பும் இசைந்தால் நேருக்கு நேர் பேசவைத்து, பிழை செய்தவரே அதற்கு ஈடு செய்ய வழி காண்பதும் அதன் வேலை. நிலையத்துக்காகத் தோட்டங்களுக்குள் போய்வருபவர் சின்னராசா. அவர்தான் படியேறி வந்து சொன்னார்.

"பாக்கியம் போயிருச்சுக்கா."

"எங்க?"

"கொழும்புக்கு. நாம வச்ச முடிவு நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு. ஆளே ஊர விட்டு ஓடுற அளவுக்கு."

றஷீதா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த முடிவைத்தான் போன வாரம் பண்டாரவளைக் கூட்டத்தில் நல்ல உதாரணம் என்று எடுத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இந்த வேலைக்கு வருமுன் அவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அடிபட்ட பெண்கள் விடிய முன்னே பஸ் ஏறி வந்து, சிங்களத்தில் என்ன பேசப்படுகிறது என்று புரியாமல் நின்று, தவணை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவதை வருடக்கணக்காகப் பார்த்தார். அவர்கள் வாய் திறக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஓய்வூதியம் வந்த கையோடு இதைத் தொடங்கினார். இப்போது முழங்கால் வலிக்கிறது. மாடிப்படி ஒவ்வொரு மாதமும் ஒரு படி கூடினது போல இருக்கிறது.

பாக்கியத்தின் கதை சிறியது. எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நடந்த சண்டையில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பக்கத்து லயத்து ஜெயகுமார் கட்டையால் அடித்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இனி இரண்டு கையையும் சேர்த்துக் கொழுந்து எடுக்க முடியாது. பொலிஸ் வழியாக வந்த வழக்கை இரு தரப்பு இசைவோடு றஷீதா பேச எடுத்தார். பேச்சு நடந்த அன்று நல்ல மழை. ஆட்களைக் காலையில் பேர் பதிந்து வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில்தான் பெரிய கூரை இருந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டு அங்கேயே வைத்தார்கள். ஜெயகுமார் மன்னிப்புக் கேட்டான். பாக்கியத்தின் கை குணமாகும் வரை காலையும் மாலையும் அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து கொடுப்பது என்று முடிவானது. அவளிடம் றஷீதா திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் "சரிங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை றஷீதாவும் சின்னராசாவும் அந்த லயத்துக்குப் போனார்கள். பாக்கியத்தின் தாய் பெரியாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மிஸ். தண்ணி குடிக்கிறீங்களா? எங்க வீட்டுல தண்ணிக்கு மட்டும் கொறச்சலே இல்ல."

றஷீதா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏன் போனா? சொல்லுங்க."

"கைய ஒடச்சவன் மூஞ்சியில முழிச்சுத்தான் தெனமும் எந்திரிக்கணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? காலையில ஒருக்கா, அந்தியில ஒருக்கா. அவன் கொடத்த எறக்கி வச்சிட்டுப் போறவரைக்கும் புள்ள உள்ளுக்குள்ள கதவ சாத்திக்கிட்டு நிப்பா. லயத்துல பொம்பளைங்க வேற, 'ஒனக்கென்னடி, தண்ணிக்கு ஆள் போட்டுட்ட'ன்னு சிரிக்கிறாளுக."

"நான் எத்தின தரம் கேட்டேன், சம்மதமாண்டு. சரிங்கண்டு தானே சொன்னா?"

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

"பெரட்டுக் களத்துல."

"அந்தக் களத்துல நின்னு நான் புத்தி தெரிஞ்ச நாள்லேருந்து சரிங்கன்னுதான் மிஸ் சொல்லியிருக்கேன். அட்டை கடிக்கிற மலைக்குப் போன்னாலும் சரிங்க. கொழுந்து கொறஞ்சிருச்சு, இன்னிக்கு அரைப் பேரு, அரைச் சம்பளந்தான்னாலும் சரிங்க. நீங்க வேற மேசை போட்டு நாக்காலியில உக்காந்திருந்தீங்க. அங்க போயி இல்லன்னு யாரு சொல்லுவா?"

றஷீதா சின்னராசாவைப் பார்த்தார். அவரும் லயத்தில் பிறந்தவர்தான்.

"மழை பேஞ்சுச்சுக்கா" என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "வேற கூரை இல்ல."

அந்த நேரம் பார்த்து ஜெயகுமார் இரண்டு குடம் தண்ணீரோடு வந்து நின்றான்.

"அவ இல்லாத வீட்டுக்கு யாருக்குடா கொண்டாற?" என்றாள் பெரியாயி.

"கை குணமாகுற வரைக்கும்னு சொன்னாங்க. நிப்பாட்டச் சொல்லலியே."

"இண்டையோட நிப்பாட்டுங்க தம்பி" என்றார் றஷீதா.

"கேஸ் திரும்ப வராதே மிஸ்?"

"தெரியா. வந்தா வரட்டும்."

"நல்லதுதான். எல்லாவனும் தண்ணிக்காரன்னுதான் கூப்புடுறான்." குடங்களை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதியா எரிச்சலா என்று றஷீதாவுக்குப் பிடிபடவில்லை.

பாக்கியத்துக்கு அன்றே குரல் பதிவு ஒன்று அனுப்பினார். "அண்டைக்கு நீங்க சொன்ன சரிய நான் இனி சரிண்டு எடுக்கல்ல மகள். தண்ணிய நிப்பாட்டியாச்சு. உங்களுக்கு உண்மையிலயே என்ன வேணும்? இப்ப சொல்லத் தேவல்ல. எப்ப சொன்னாலும் நான் கேக்குறேன்."

பதில் வரவில்லை.

நிலையத்துக்கு நிதி கொடுக்கும் இடத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, ஆளே ஊரில் இல்லாதபோது பாக்கியத்தின் வழக்கை முடிந்தது என்று கணக்கில் போட்டுவிடலாமே என்றார். முடியாததை முடிந்தது என்று போட முடியாது என்றார் றஷீதா. அடுத்த வருடத்து நிதி குறைந்தது. கணவர் மர்ஸூக் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "விடு புள்ள. அவ அவட பொழப்பப் பாத்துக்கிட்டுப் போயிட்டா."

"அவ போனதே என்னாலதான். எப்பிடி விடுற?"

"அப்ப குடிச்சிட்டு யோசி. ஆறுது."

அதற்குப் பிறகு றஷீதா எந்தப் பேச்சையும் பெரட்டுக் களத்தில் வைக்கவில்லை. முதலில் பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குப் போனார், தரையிலோ கட்டிலிலோ உட்கார்ந்தார், அன்றே எதையும் முடிவு செய்ய விடவில்லை. அப்படியும் சிலர் சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே "சரிங்க" என்றார்கள். ஹல்துமுல்லையில் ஒரு கிழவர் பேசுவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கதவைத் திறக்கவில்லை. நிலையம் வாரத்தில் சில நாட்கள் மட்டும் திறந்தது.

அடுத்த வருடம் ஐப்பசி பிறப்பதற்குக் கொஞ்சம் முன், பெரகல சந்தியில் பஸ்ஸுக்காகக் கடையோரம் ஒதுங்கி நின்றபோது கைப்பேசி ஒலித்தது. பாக்கியலெட்சுமியின் குரல் பதிவு. றஷீதா அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், நான் பாக்கியம். நீங்க கேட்டதுக்கு என்ன சொல்றதுன்னு அப்ப தெரியல. அவன் மன்னிப்புக் கேட்டான், சரி. ஆனா லயத்துல எல்லாரும் நான்தான் மொதல்ல கொடத்தால அடிச்சேன்னு பேசிக்கிறாங்க. தங்கச்சிய பொண்ணு பாக்க வந்தவங்ககூட அதக் கேட்டுட்டுப் போயிட்டாங்களாம். நான் அடிக்கல மிஸ். சும்மா வரிசையிலதான் நின்னேன். அத அவன் வாயால எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும். எனக்கு அது மட்டும் போதும். தீவாளிக்கு வாறேன். சொல்லுவானான்னு அவங்கிட்டக் கேளுங்க. மாட்டேன்னா, மறைக்காம அதையும் எங்கிட்டச் சொல்லிருங்க."