வாசிக்கக் கேட்ட பிரதி

யுத்த காலத்தில் முருங்கன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அந்த எழுத்தாளரைப் பார்த்தேன். சோதனைச்சாவடியில் அவருடைய பையைக் கொட்டச் சொல்லியிருந்தார்கள். உள்ளே இருந்தவை ஒரே புத்தகத்தின் பிரதிகளும் ஒரு பொன்னாடையும். ஒல்லியான அந்த மனிதர் புத்தகங்களை விட்டுவிட்டுப் பொன்னாடையைத்தான் முதலில் தூசி தட்டி மடித்தார்.

“வெளியீட்டு விழாவோ ஐயா?”

“ஓம் தம்பி, நாளைக்குப் பாப்பாமோட்டையில. பொன்னாடையை நானே கொண்டுபோறன். அவங்கள் இப்ப எங்க போய் வாங்கிறது?”

விழா மேடையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் முதற்பிரதியை வாங்கி, உறையில் காசு வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அச்சுக்கூலி அந்த உறையிலிருந்துதான் வரவேண்டும்.

“போன மாதம் இஞ்சையும் இந்தப் புத்தகத்துக்கு விழா நடந்ததே? முதற்பிரதியை மில்காரர் வாங்கினவரெல்லோ?”

“அது முருங்கனுக்கு முதற்பிரதி. பாப்பாமோட்டைக்கு இனித்தானே முதல்?” அவர் முகத்தில் கூச்சமே இல்லை.

“எனக்கும் ஒண்டு தாங்கோ. வாசிக்கத்தான். என்ன விலை?”

அவர் திகைத்துப்போய்ப் பின்னட்டையைப் புரட்டிப் பார்த்தார். “விலை போடேல்லையே தம்பி. இதுவரைக்கும் ஆரும் கேக்கேல்லை.”

பிறகு பொன்னாடையை விரித்து, அந்தச் சந்தியிலேயே எனக்குப் போர்த்தி, புத்தகத்தை இரு கைகளாலும் நீட்டினார். சாவடியில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் கைதட்டினான்.

பஸ் வந்ததும் பொன்னாடையை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார். காசைத்தான் கடைசிவரை வாங்கவில்லை.