சித்தப்பாவின் முதுகில் ஓடிய கரண்ட்

வக்கீலாகும் யோகம் எனக்கில்லை என்பது ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது. வாழ்நாளில் நான் எடுத்து வாதாடியது ஒரே ஒரு வழக்கு. அதில் ஒரு பாவமும் அறியாத என் கட்சிக்காரருக்கு என் வாதத்தாலேயே தண்டனை வாங்கிக் கொடுத்தேன். கட்சிக்காரர் என் சித்தப்பா. நீதிமன்றம், கோட்டைக்குப்பத்து அம்மன் கோயில் வாசல்.

சித்தப்பா என் நைனாவின் தம்பி. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. படகின் விளிம்பில் நின்று கோல் ஊன்றித் தள்ளினால், ஓட்டு முகட்டில் நடக்கும் பூனையைப் பார்ப்பது போல இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு வருஷம் ஒரு கண்ணில் புகை மூட்டியது. இரண்டு மாதத்தில் தானாகவே விலகியது. திருஷ்டி என்று சுற்றிப் போட்டிருந்ததால் நல்ல பெயர் பூசணிக்காய்க்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் கால். விடியலில் நேராகப் போகிறவர், வெயில் ஏறியபின் திரும்பி வரும்போது தெருவின் இரண்டு ஓரங்களையும் அளந்துகொண்டு வருவார்.

போதாக்குறைக்குக் கரண்ட். ஒருநாள் குனிந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

"இன்னா சித்தப்பா?"

"தலைய குனிஞ்சா கரண்ட் அடிக்குது கண்ணு. கழுத்துலேர்ந்து கால் வரிக்கும் சுர்ருனு போவுது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் குப்பத்துக்குக் கரண்ட் வருவது மழை வருவது மாதிரி. கேட்டால் வராது. அந்தக் கரண்ட் என் சித்தப்பாவின் முதுகில் குடியிருக்கிறது! நைனாவின் டார்ச்சிலிருந்து பல்பைத் திருகி எடுத்து வந்து அவர் முதுகில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "குனி சித்தப்பா" என்றேன். அவரும் குனிந்தார். எரியவில்லை. பல்பு ஃபியூஸ் என்று முடிவு செய்தேன். அன்று ராத்திரி டார்ச் எரியாததற்கு நைனா என்னை அடித்தது வேறு கதை.

பள்ளிக்கூடம் பழவேற்காட்டில். போகிற வழியில், அந்தக் காலத்தில் குளிர் தேசத்திலிருந்து கப்பலேறி வந்த ஒல்லாந்தர் கல்லறை. அதன் வாசலில் இரு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். மனித உடம்பின் உள்விவகாரம் பற்றி எனக்கிருந்த மொத்த ஞானமும் அந்த இருவரிடம் பெற்றதுதான். மறுநாள் நின்று அவர்களின் முதுகெலும்பை விரலால் தடவிப் பார்த்தேன். ஒயர் போன தடமே இல்லை. ஆக ஒல்லாந்தருக்கே கிடைக்காதது எங்கள் வீட்டில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய ரகசியம் ஒன்றும் எனக்கு மட்டும் தெரியும். உச்சி வெயிலில் கால் தள்ளாடி வருகிற சித்தப்பா, கடல் ஏறி முகத்துவாரம் வழியாகக் குளிர்ந்த நீர் உள்ளே வரும்போது ஏரியில் இறங்கிக் கழுத்தளவு நிற்பார். அரைமணி கழித்துக் கரையேறினால் பழைய பூனை நடை. இரண்டு முறை கண்ணால் பார்த்தேன். "சித்திகிட்ட சொல்லாத. பயந்துக்குவா" என்றார். சாமியே என்னிடம் ரகசியம் சொன்னது போல வாயை மூடிக்கொண்டேன்.

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதை எங்கள் ஊரில் பானையில் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். பாடு என்று பெயர். சீட்டில் பெயர் விழாதவன் அந்தப் பருவம் முழுக்கச் சொந்த ஏரியைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முந்தைய வருஷம் ஒருவர் குடித்துவிட்டு முகத்துவாரத்தில் வலை கட்டப் போய்த் திரும்பி வரவில்லை. அதிலிருந்து ஊர் ஒரு காவல் போட்டது: சீட்டு நாளில் குடித்துவிட்டு வருகிறவன் பெயர் பானையில் விழாது. நல்ல சட்டம். ஓர் உயிரை இழந்தவர்கள் அழுதுகொண்டே போட்ட சட்டம்.

அந்தச் சித்திரையில் சீட்டு நாள். கோயில் வாசலில் நிழல் இல்லை. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய்த் தன் சீட்டைப் பானையில் போட, எங்கள் வீட்டு முறை வருவதற்குள் உச்சி வெயில். சித்தப்பா எழுந்தார். நாலடி வைத்தார். ஐந்தாவது அடி பக்கவாட்டில் போய், பானை மேலேயே விழப் பார்த்தார்.

"இன்னாடா, பகல்லயேவா?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"இல்ல மாமா. நான் தொடறதே இல்ல." நாக்கும் அன்றைக்கென்று குழறியது.

"அப்பால ஏன்டா தள்ளாடுற?"

"கால் மரத்துப் போவுது. தலைய குனிஞ்சா கரண்ட் அடிக்குது மாமா."

"ஊருக்கே கரண்ட காணோம், ஒனக்கு மட்டும் தனி லைனு இழுத்துக் குட்த்தானுங்களா?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"மீட்டர எங்க வச்சிக்கினுகிறான் கேளு!" என்றது இன்னொன்று.

வாசலே சிரித்தது. சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை. அவள் வயிற்றில் அப்போது ஆறு மாதம். நைனா மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேரில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு தலைக்கேற, கூட்டத்துக்கு நடுவே போய் நின்றேன்.

"எங்க சித்தப்பா குடிக்கல! ஏரியில எறக்கிப் பாருங்க. கழுத்து வரிக்கும் நிக்கட்டும். கரையேறி நேரா நடந்து வருவாரு. நானே ரெண்டு தபா கண்ணால பாத்துக்கிறேன்!"

"ஏய், வாய மூட்றி" என்று நைனா கை ஓங்கினார். பெரியவர் தடுத்தார். "புள்ள கேக்குது. பாத்துட்டாப் போச்சு."

இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரை ஏரிக்குக் கொண்டு போனார்கள். நீர் ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தளவில் நின்றார். ஊர் முழுக்கக் கரையில். அரைமணி நேரம் யாரும் கலையவில்லை. பிறகு அவர் திரும்பினார். தோள் தெரிந்தது, இடுப்பு தெரிந்தது, முழங்கால் தெரிந்தது. உடம்பெல்லாம் நீர் வழிய, ஒரு கோணல் இல்லாமல், யாரையும் பிடிக்காமல் ஈரமணலில் நடந்து வந்தார். அவருக்கே தாங்கவில்லை, சிரித்துவிட்டார். அவர் பின்னால் ஏரி வெள்ளித் தகடாகக் கிடந்தது. இன்றுவரை எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறேன். கைகள் தாமாகக் குவிந்தது அந்த ஒரு தரம்தான்.

கரையில் யாரோ சொன்னார்கள்:

"பாத்தியா, முக்கி எடுத்ததும் போதை எறங்கிச்சு!"

"சிரிக்கிறான் பாரு."

பெரியவர் கெட்டவர் இல்லை. சித்தப்பாவின் ஈரத் தோளைத் தட்டி, "குடிய உட்டுட்டு வாடா. அட்த்த தபா பாத்துக்கலாம்" என்றார். பெயர் பானையில் விழவில்லை.

பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையிலும் தண்டுவடத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டாம். கிருமிகளைப் பிடிக்க உடம்பு வைத்திருக்கும் காவலர்கள், அந்த உறையை வேற்றாள் என்று நினைத்துக் கடித்துப் போடுகிறார்களாம். ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லையாம். உறை போன நரம்பில் சேதி தடுமாறும். சூடு ஏறினால் இன்னும் தடுமாறும், குளிர்ந்தால் கொஞ்ச நேரம் சரியாக ஓடும். கழுத்தை மடக்கினால் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும்.

"கரண்ட்டுனு சொன்னேன்ல?" என்று என்னைப் பார்த்தார் சித்தப்பா. சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

முழுசாகத் தீர்க்க மருந்தில்லை, வேகத்தைக் குறைக்க உண்டு, இந்த நோய் நம் பக்கம் குறைவு, குளிர் நாடுகளில்தான் அதிகம் என்றார் டாக்டரம்மா.

"ஒல்லாந்தன் கல்லறைய மட்டும்தான் உட்டுட்டுப் போனான்னு நென்ச்சினு இருந்தேன்" என்றார் சித்தப்பா. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் சிரித்தேன். பிறகு வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டேன். அந்தப் புள்ளிகளை என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. எவ்வளவு சின்ன உறை, எவ்வளவு விசுவாசமான காவலர்கள். அவர்களிடம் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. நன்றாகக் காக்கிறோம் என்றுதான் நம்பியிருப்பார்கள், ஒன்பது வயதில் கூட்டத்துக்கு நடுவே போய் நின்ற ஒருத்தியைப் போல.

அந்தச் சீட்டு நாளில் ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். நைனாவும் சித்தியும் முன்னால் போனார்கள். தீர்ப்பு எப்படிப் போனால் என்ன, நான் சொன்னபடியே நடந்து காட்டினாரே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வெயிலில் அவர் வேட்டி காய்ந்துகொண்டே வந்தது. பாதி வழியில் சித்தப்பா என் தோளில் கை வைத்தார். மெச்சுகிறார் என்று நினைத்தேன். ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கை கனத்துக்கொண்டே போனது. வீட்டு வாசல் வரை அதைத் திமிரோடு சுமந்துகொண்டு போனேன், என்னை எவ்வளவு மெச்சுகிறார் பார் என்று.