கதிரைக் காலில் அந்தோனியார்

எங்கள் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும் உள்ள பள்ளங்கள் எல்லாம் எனக்குப் பாடம். கொழும்புத்துறைக் கரையிலிருந்து ஏறும் ஒழுங்கையில், முதல் வளைவுக்கு முன்னால் இடப்பக்கம் ஒன்று. தண்ணீர்க் குழாய் தாழ்த்தவென்று வெட்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போன குறுக்குக் கோடு ஒன்று. பிறகு மதகு. மதகுக்கு இரண்டு பக்கமும் தார் இறங்கி, மதகு மட்டும் உயர்ந்து நிற்கிறது. ஏறும்போது ஒரு அடி, இறங்கும்போது இன்னொரு அடி. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கே பாடமாக்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து இந்தத் தெருவைப் பாடமாக்கிவிட்டேன் போலிருக்கிறது.

முந்தி இந்தத் தெருவை நான் கவனித்ததே இல்லை. கரையில் மீன் எடுத்து, பெட்டிகளில் ஐஸ் போட்டு, வான் வண்டியில் ஏற்றி நீர்வேலிப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்கள் தொழில். மீனுக்கு முதுகு நோகாது. அந்தப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் மனைவி ஈரப் படியில் சறுக்கி, இருந்த வாக்கில் விழுந்தாள். முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நசிந்துவிட்டது, நரம்பு தப்பியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். இடுப்பைச் சுற்றிப் பட்டி கட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். கிளினிக்குக்கு வரவேண்டும். படம் எடுத்துப் பார்த்துத்தான் வெட்டுவதா விடுவதா என்று முடிவு. எலும்பு விலகினால் கால் மரத்துப்போகலாம் என்றும் சொன்னார். அவர் ஒரு தரம்தான் சொன்னார். எனக்குள் அது நிற்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

முதல் கிளினிக்குக்கு வானின் பின்பக்கம் மெத்தை போட்டு, வீட்டிலிருந்த தலையணை எல்லாம் அடுக்கிக் கொண்டுபோனேன். நடந்து போகிறவர்கள் எங்களை முந்திப் போனார்கள். அவ்வளவு மெதுவாக ஓட்டியும் மதகில் பின்சில்லு இறங்கியபோது அவள் ஒரு சத்தம் போட்டாள். மூன்று பிள்ளை பெற்றபோதும் அந்தச் சத்தம் அவளிடமிருந்து வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இனி நான் உந்த வானிலை ஏறமாட்டன்."

"அப்ப அம்புலன்ஸைக் கூப்பிடுவம்."

"அது என்ன, வானத்தாலையே வரும்? அதுவும் உந்த மதகாலைதானே வரும்."

அடுத்த கிளினிக் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகள் தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்தார்கள். பங்குச் சாமியார் வந்து சொல்லிப் பார்த்தார். அவள் ஏறமாட்டேன் என்றால் ஏறமாட்டாள். படம் எடுக்காவிட்டால் உள்ளே எலும்பு அந்த இடத்திலேயே இருக்கிறதா விலகுகிறதா என்று யாருக்குத் தெரியும்? அவள் கால்விரலை அசைக்கிறாளா என்று போர்வை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அசைத்தால் நோவில் அசைக்கிறாளோ என்று பயம், அசைக்காவிட்டால் மரத்துவிட்டதோ என்று பயம்.

ஒரு நாள் சைக்கிள் காரியரில் சல்லிச் சாக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பள்ளங்களை நிரப்பத் தொடங்கினேன். வலை பொத்திக்கொண்டிருந்தவன் ஒருவன் பார்த்துவிட்டான்.

"என்ன அண்ணை, றோட்டுக் கந்தோரிலை வேலை கிடைச்சிட்டுதோ? பென்சனும் வருமோ?"

"நீ உன்ரை வேலையைப் பார்."

பின்னேரம் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று வந்து நான் போட்ட சல்லியை எல்லாம் தெருவோரத்துக்குத் தெறிக்க விட்டுவிட்டுப் போனது.

அப்போதுதான் பெறாமகள் வந்தாள். மனைவியின் தங்கை மகள், எஞ்சினியரிங் படித்து முடித்துவிட்டுக் கம்பஸ் ஆய்வுகூடத்திலேயே வேலை செய்கிறவள். பெரியம்மாவைப் பார்க்க வந்தவள், நான் தெருவில் சல்லி போட்ட கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

"றோட்டைத் திருத்தேலாது பெரியப்பா. கதிரையைத் திருத்தலாம். என்னட்டை ஒண்டு சும்மா கிடக்கு."

அந்தக் கதிரை அவள் படகுக்கென்று செய்தது. பைபர் படகில் போகிறவனுக்கு ஒவ்வொரு அலையும் முதுகில்தான் விழும், அதற்காக. எங்கள் கரைக்கே கொண்டுவந்து காட்டினாளாம். "கடலுக்குப் போறமோ, தலைமயிர் வெட்டப் போறமோ, கதிரை போட்டிருக்க?" என்று அனுப்பிவிட்டார்கள். உப்புத் தண்ணீருக்கு வயர் தாங்காது என்று ஒருவர் மட்டும் மரியாதையாகச் சொன்னாராம்.

கதிரையைப் பற்றிச் சொல்ல முதல் அவள் ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்துக் குசினி மேசையில் வைத்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி ஒன்று. எண்ணெய்க்குள் மா மாதிரி அரைத்த இரும்புத் தூள் என்றாள். போத்தலைச் சரித்தால் வழிந்தது. கைக்குள் இருந்த காந்தத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஈர்க்கால் கிண்டிப் பாருங்கோ என்றாள். கிண்டினேன். ஈர்க்கு நின்றுவிட்டது. அடுப்பில் கிண்டக் கிண்ட ஒடியல்மா களியாகுமே, அப்படி. ஆனால் அதற்கு நேரம் வேண்டும், கை நோக வேண்டும். இது கண் மூடித் திறக்க முதல் களியானது. காந்தத்தை எடுத்தாள், திரும்பவும் கூழ்.

"கதிரைக்குக் கீழை இருக்கிற ஷொக் அப்சோபருக்குள்ளை இதுதான் இருக்கு. காந்தத்துக்குப் பதிலாக் கம்பிச் சுருள். கரண்ட் போனால் இறுகும், நிப்பாட்டினால் இளகும். எப்ப இறுக வேணும், எவ்வளவு இறுக வேணும் எண்டு ஒரு பெட்டி சொல்லும்."

"அப்ப பள்ளம் வந்தால் அது எங்களைத் தூக்கிப் பிடிக்குமோ?"

"இல்லை. அது தூக்காது, தள்ளாது. பிடிக்கும், விடும், அவ்வளவுதான். தூக்கிறது ஸ்பிரிங். எந்த நேரமும் இறுக்கமா இருந்தால் றோட்டு அடிக்கிற அடியெல்லாம் நேர முதுகிலை. எந்த நேரமும் இளக்கமா இருந்தால் ஆடி ஆடிக் கடைசியிலை அடியிலை போய் மோதும். அதாலை சின்ன அதிர்வுக்கு விட்டுக்குடுக்கும். கதிரை அடிக்குக் கிட்டப் போகுதெண்டால் இறுக்கிப் பிடிக்கும்."

காற்று நாளில் படகை நங்கூரக் கயிற்றில் பிடித்து நிற்பது எனக்கு நினைவு வந்தது. அலை இழுக்கும்போது கையில் கயிற்றை வழுகவிட வேண்டும், விட்டுக்கொண்டே இறுக்க வேண்டும். ஒரேயடியாகப் பிடித்தால் தோள்மூட்டு போய்விடும். அதைச் சொன்னேன். "ஓம், அந்தக் கைதான் இது," என்றாள்.

விளங்கியது. விளங்கினால் என் பயம் அடங்கும் என்று நினைத்தவர்கள் என்னை அறியாதவர்கள்.

"பற்றறி இறங்கினால்?"

"இளகிப்போம். சாதாரணக் கதிரை மாதிரி ஆடும்."

"எண்ணெய் ஒழுகினால்?"

"ஒழுகாது."

"நெருப்புப் பத்தினால்?"

"பெரியப்பா, நான் உதோடை இரண்டு வருசம் குடும்பம் நடத்தினனான். எனக்குத் தெரியாதே?"

அறைக்குள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அப்ப தங்கச்சிட்டைச் சொல்லிவிடுறன், இனி மாப்பிளை பாக்கத் தேவையில்லையெண்டு."

அவள் பகிடி விட்டு எவ்வளவு நாளாகியிருந்தது. நான் அதைக்கூட அறிகுறியாக எடுத்துக்கொண்டேன், நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல்.

வானின் நடு இருக்கையைக் கழற்றி, அந்த இடத்தில் கதிரையை ஆணி பூட்டி இறுக்கினோம். ஓடிப் பார்க்க வேண்டும். பெறாமகள் வானை ஓட்ட, நான் நோயாளியாகக் கதிரையில் இருந்தேன். மடியில் ஒரு கோப்பை தண்ணீர், அது என் யோசனை. என் வானில் பின்னுக்கு இருந்து போனது அதுதான் முதல் தரம். முதற் பள்ளம் வருவது தெரிந்து வயிற்றை எக்கிப் பல்லைக் கடித்தேன். சில்லு விழுந்தது கேட்டது. வயிறு எதிர்பார்த்த அடி வரவில்லை. கதிரை கொஞ்சம் தாழ்ந்தது, யாரோ பிடித்ததுபோல நின்றது, பிறகு எழும்பியது. நான் பல்லைக் கடித்தபடியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன்.

"தண்ணி ஊத்துப்பட்டதோ?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

சாரத்தைக் காட்டினேன். தொடையில் ஒரு உள்ளங்கையளவு ஈரம். அவள் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் பிடிக்க முடியவில்லை.

"வாறன்," என்றாள் கடைசியில். "அந்தோனியாரும் வருவார்."

அந்தோனியார் எங்கள் வானில்தான் இருந்தார். பெருநாளில் வாங்கிய சின்னச் சுருவம், உள்ளங்கைக்குள் அடங்கும் சிலை. அடியில் காந்தம் வைத்தது, இரும்பு கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லா வானிலும் ஓட்டோவிலும் இப்படி ஒருவர் முன்னுக்கு நின்றுகொண்டு போவார். அவர் வருவது வழக்கம்தானே என்று நினைத்தேன்.

கிளினிக் அன்று காலை, பட்டியை இறுக்கி, இரண்டு பக்கமும் பிடித்து, அவளைக் கதிரையில் இருத்தினோம். பெறாமகள் பக்கத்தில் இருந்தாள். நான் பெட்டியின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தேன். ஆணிகளைத் தொட்டுப் பார்த்தேன். திரும்பவும் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, ஏறுங்கோ. நாளைக்கில்லை, இண்டைக்குத்தான் கிளினிக்," என்றாள் மனைவி.

ஒழுங்கையில் ஊர்ந்து, வளைவுக்கு முன்னுள்ள பள்ளத்தில் சில்லை இறக்கினேன். பின்னால் டொக் என்றது. அவள் "அம்மா" என்றாள். அதே சத்தம்.

கடல்நீரேரி தெரியும் இடத்தில் ஓரம் கட்டினேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், உதடு வெளுத்திருந்தது. கால்விரலை அசைக்கச் சொன்னேன். அசைத்தாள்.

"திருப்புறன்," என்றேன். "வீட்டை போவம்."

"திருப்பினால் அந்தப் பள்ளத்தாலை இன்னொருக்காப் போக வேணும்," என்றாள் பெறாமகள். "கொஞ்சம் பொறுங்கோ."

வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பற்றறி சரி. பெட்டி சரி. கைத்தொலைபேசியை அதோடு தொடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"கதிரை அடியிலை போய் நிக்குதெண்டு இது சொல்லுது. அதுதான் முழு இறுக்கத்திலை பிடிச்சுக்கொண்டிருக்கு. ஆனா கதிரை மேலைதானே நிக்குது."

கதிரை எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்கக் காலோரத்தில் ஒரு சின்னக் கண் வைத்திருக்கிறாள். கதிரையோடு சேர்ந்து இறங்குகிற காந்தத் துண்டு ஒன்று கிட்ட வருவதை வைத்துத்தான் அந்தக் கண் கணக்குப் பார்க்கும். அவள் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். குனிந்தபடியே கேட்டாள்:

"பெரியம்மா, அந்தோனியாரை ஆர் இதிலை வைச்சது?"

மனைவி கண்ணைத் திறந்தாள். "நான்தான். கைக்குக் கிட்ட இருக்கட்டுமெண்டு ஒட்டினனான். நீதானே எடுத்துத் தந்தனி."

"மடியிலை வைச்சிருக்கப்போறியள் எண்டு நினைச்சன்."

"ஏன், அவருக்கும் ரிக்கற் எடுக்க வேணுமோ?"

"அவருக்குக் கீழை காந்தம் இருக்கு. பெட்டிக்கு எங்கடை காந்தம் எது, அந்தோனியார் எது எண்டு தெரியாது. கதிரை அடிக்கு வந்திட்டுது எண்டு நினைச்சு, இவ்வளவு நேரமும் உங்களைக் காப்பாத்தத்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கு."

அந்தோனியாரை எடு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நோவு வரும்போதெல்லாம் அவள் பிடித்துக்கொண்டிருந்த கை அவருடையது. அவர் இல்லாவிட்டால் அவள் இறங்கிவிடுவாள், இறங்கினால் இனி ஏறமாட்டாள். கையில் வைத்திருக்கலாமா என்று கேட்டேன். கையைத் தொங்கவிட்டால் திரும்பவும் கண்ணுக்குக் கிட்ட வந்துவிடும், முன்னுக்கு வைப்பதுதான் நல்லது என்றாள் பெறாமகள்.

மனைவி சுருவத்தைக் கதிரைக் காலிலிருந்து கழற்றினாள். உள்ளங்கையில் வைத்து விரலால் ஒரு தரம் துடைத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"முன்னுக்கு வைச்சுவிடுங்கோ. பயப்பிடுற ஆளோடை அவர் இருக்கட்டும்."

வாங்கி முன்னுக்கு ஒட்டினேன். பெறாமகள் பின்னாலிருந்து சொன்னாள், "பெரியப்பா, இனி ஊரக்கூடாது. சைக்கிள் வேகத்திலை போனால் வான் பள்ளத்துக்குள்ளை முழுக்க இறங்கி முழுக்க ஏறும், கதிரையும் கூடவே இறங்கி ஏறும். அதுக்கு இது ஒண்டும் செய்யாது. மற்ற வான்காரர் ஓடுற மாதிரி ஓடுங்கோ."

அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சோதனை. முதுகு நசிந்த பெண்சாதியை வைத்துக்கொண்டு, மதகை நோக்கி, மற்ற வான்காரர் மாதிரி. கால் அழுத்தியது, மனம் பிறேக்கில் நின்றது. பின்னால் அவள் பெறாமகளுக்கு யாரோ ஒருத்தி அழுகின இறாலைக் கொண்டுவந்து விற்ற கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். மதகு வந்தது. முன்சில்லு ஏறியது, விழுந்தது. பின்சில்லு ஏறியது, விழுந்தது. "இறால் எண்டால் தலை கறுக்கக் கூடாது, நான் அவளின்ரை முகத்துக்கு நேரை" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வசனம் எங்கும் உடையவில்லை. உடைந்ததா என்று கேட்கத்தான் நான் மூச்சை நிறுத்தி வைத்திருந்தேன்.

படத்தைப் பார்த்த டொக்டர், எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, பொருந்திக்கொண்டு வருகிறது, இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை என்றார். தொடர்ந்து வரவேண்டும், பட்டியை எடுக்கக்கூடாது என்றார். வந்த வழியில் விழுந்த அந்த ஒரு அடியைப் பற்றிக் கேட்டேன். அதனால் ஒன்றும் இல்லை என்றார். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பப் போய் இன்னொரு தரம் கேட்டேன். அதையே சொன்னார்.

இப்போது கிளினிக் நாளில் அவள் எனக்கு முதல் வெளிக்கிட்டு நிற்கிறாள். அந்தோனியார் முன்னுக்குத்தான் நிற்கிறார். கதிரையின் கண்ணுக்கு அவ்வளவு தூரம் எட்டாது, அங்கே நின்றால் பிழையில்லை என்று பெறாமகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள். என் மனம்தான் கேட்காது. ஒவ்வொரு தரமும் வானை எடுக்க முதல் அவரை இன்னும் ஒரு விரலளவு முன்னுக்குத் தள்ளி வைக்கிறேன். கண்ணாடியோடு போய் முட்டிவிட்டார். இனித் தள்ள இடமில்லை.