ஜன்னலுக்கு வெளியே தல்மீரோ

துக்குமான் நகரத்தில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும், ஊர் உங்களைப் பட்டதாரி ஐயா என்று கூப்பிட ஆரம்பித்துவிடும். தல்மீரோ லெதெஸ்மாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாணவர்கள் கூப்பிட்டார்கள், பேராசிரியர்கள் கூப்பிட்டார்கள், முனையில் மிலனேசா என்கிற பொரித்த இறைச்சி சாண்ட்விச் விற்கிறவன் கூடுதலாக ஒரு துண்டு மிளகாய் வைத்துக்கொண்டே கூப்பிட்டான். ஆரம்பத்தில் அவர், "நான் இன்னும் பட்டம் வாங்கலைங்க" என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனுஷனுக்கு என்ன தன்னடக்கம் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். சரி, மெச்சுகிறவர்களைக் கெடுப்பானேன் என்று அவரும் விட்டுவிட்டார். வீட்டில் அவர் மனைவி எல்பா மட்டும் விடவில்லை. "பட்டதாரி ஐயா, அந்தக் குப்பையைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய் வைக்கிறீங்களா?" என்பாள்.

பத்தொன்பது வயதில் இலக்கியம் படிக்க வந்தவர் அவர். இரண்டாம் வருஷமே பல்கலைக்கழகக் கலைப்புலத்தின் மாணவர் பிரிவில் எழுத்தர் வேலை கிடைத்தது. படிப்பு முடிகிறவரைக்கும்தான் என்று சேர்ந்தார். படிப்பு முடியவில்லை, வேலையும் முடியவில்லை. தலைமயிர் முடிந்துவிட்டது. இப்போது அந்தப் பிரிவுக்கே அவர்தான் தலைவர். யார் எப்போது சேர்ந்தார், எந்தப் பாடத்தில் எத்தனை தடவை விழுந்தார், எந்தப் பேராசிரியர் மார்க்கைப் பென்சிலில் எழுதிவிட்டுப் பிறகு அழித்தார், எல்லாம் அவர் அலமாரிகளில் இருந்தது. ‘எல்’ எழுத்து இழுப்பறையில் அவருடைய கோப்பும் இருந்தது. அதில் ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. லத்தீன் மூன்று.

"இந்தக் கட்டடத்துல என்னைவிடப் பழசு முற்றத்து ஆரஞ்சு மரம்தான்," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். "அது வருஷா வருஷம் காய்க்கவாவது செய்யுது."

தன்னைப் பற்றி இப்படிச் சிரிக்கத் தெரிந்த மனுஷர் ஜன்னலில் உட்கார்ந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் என்றால் கடைசி நாள். மணி பன்னிரண்டு அடித்ததும் மரக்கதவை டக்கென்று இழுத்துச் சாத்துவார். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு தனி சுகம். தாமதமாக வருகிறவர்களுக்கு என்று விதியில் ஓர் அனுமதிச் சீட்டு உண்டு. பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும், பரீட்சைக்கு உட்காரலாம். தல்மீரோ தலைவரான நாளிலிருந்து அந்தச் சீட்டுக் கட்டு பிரிக்கப்படவே இல்லை. மழை, பஸ் ஸ்ட்ரைக், பிரசவம், எதைச் சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான். "ஜன்னல் மூடியாச்சு."

முட்டை விஷயத்திலும் அவர் இப்படித்தான். எங்கள் ஊரில் கடைசிப் பரீட்சையில் தேறி வெளியே வருகிறவரைச் சும்மா விடமாட்டோம். சொந்தபந்தம், சிநேகிதர்கள் எல்லாரும் வாசலில் காத்திருந்து தலையில் முட்டை உடைப்பார்கள், மாவு கொட்டுவார்கள், சட்டையைக் கிழிப்பார்கள். நாற்றத்தோடு தெருவில் நடந்து போவதுதான் பட்டம் வாங்கியதற்கு அடையாளம். முற்றம் பாழாகிறது என்று தல்மீரோ தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். முட்டை எறியக் கூடாது, மீறினால் எறிந்தவரே துடைக்க வேண்டும், இப்படிக்குத் தல்மீரோ லெதெஸ்மா. அவர் சக ஊழியை சுலெமா அதைப் படித்துவிட்டு, "வயிற்றெரிச்சலுக்குக் கீழே இவ்வளவு அழகா ஒரு கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை," என்றாள். அவள் சொன்னது சரிதான் என்று அவருக்கும் தெரியும்.

அந்த வருஷம் பழைய பாடத்திட்டம் காலாவதி ஆகிறது என்று உத்தரவு வந்தது. டிசம்பர் பரீட்சைதான் கடைசி. அதற்குள் முடிக்காதவர்கள் அதுவரை தேறிய பாடம் அத்தனையும் செல்லாது. அவர்கள் கோப்பில் ‘கைவிட்டார்’ என்று முத்திரை குத்தி நிலவறைக்கு அனுப்ப வேண்டும். அந்த உத்தரவைச் சுவரில் ஒட்டியது தல்மீரோ. முத்திரையைச் செய்யக் கொடுத்தது தல்மீரோ. அது வந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் குத்திப் பார்த்து, மை சீராக விழுகிறது என்று திருப்திப்பட்டவரும் அவரேதான். அப்புறம்தான் உறைத்தது. தன் வாழ்க்கை மேல் விழப்போகிற முத்திரைக்குத் தானே மை ஊற்றுகிறோமே! அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படிக்க உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் தோற்றுப்போனால் சிரிப்பார்களே என்ற பயம். ரசீதில் முத்திரை குத்தும்போது லத்தீன் முணுமுணுத்தார், மாத்தே தேநீர் உறிஞ்சும்போது முணுமுணுத்தார், கழிவறைக்குள்ளிருந்தும் முணுமுணுப்புக் கேட்டது. யாருக்கும் தெரியாது என்று அவராக நினைத்துக்கொண்டார்.

பரீட்சை நாளன்று காலையில் எல்பா அவருக்குக் காலர் நைந்த ஒரு பழைய சட்டையை எடுத்து வைத்திருந்தாள்.

"இதையா போட்டுக்கிட்டுப் போகச் சொல்றே? நல்ல சட்டை எங்கே?"

"எல்லாம் தோய்க்கப் போட்டிருக்கு. பேசாமப் போட்டுக்கிட்டுப் போங்க."

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். அலுவலகத்தில் ஜன்னலைத் திறந்ததும் ஒரு பெண் நின்றிருந்தாள். ரொசீயோ யப்பூரா. முப்பது தாண்டியவள், எலுமிச்சை கட்டி அனுப்பும் ஆலையில் வேலை. விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

"சார், எனக்கு லத்தீன் மூணு ஒண்ணுதான் பாக்கி. பேர் குடுக்குற அன்னிக்கு ஷிஃப்டு மாத்திவிட்டுட்டாங்க, வெளியே விடலை. அனுமதிச் சீட்டு ஒண்ணு போட்டுக் குடுங்க சார். இன்னிக்கு விட்டா எனக்கு எல்லாமே போயிடும்."

"ஜன்னல் மூடியாச்சும்மா."

"திறந்துதானே இருக்கு?"

"அன்னிக்கு மூடியாச்சு."

அவள் கெஞ்சவில்லை. தள்ளிப்போய் ஃபோனில் பேசினாள். அவருக்குக் காதில் விழுந்தது. "அம்மா, கிளம்பாதே. பேர் இல்லையாம். சித்திங்ககிட்டயும் சொல்லிடு. முட்டையெல்லாம் வீட்லயே வெச்சுக்கோங்க." தல்மீரோ ஒரு கோப்பை எடுத்து அதில் ஒன்றுமில்லாத பக்கத்தைத் தீவிரமாகப் படித்தார்.

பதினோரு மணிக்கு டையைச் சரிசெய்துகொண்டு தேர்வு ஏட்டோடு அறைக்குப் போனார். தேர்வுக்குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவியாகப் பேராசிரியை கொலொம்ப்ரெஸ். ஏட்டிலிருந்த மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வாய்மொழித் தேர்வை முடித்து வந்தார்கள்.

"அவ்வளவுதானே தல்மீரோ? கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

"இன்னும் ஒரு ஆள் இருக்கு மேடம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான்."

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏட்டைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "உங்க பேர் இதுல இல்லையே."

தல்மீரோ எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பெயர் கொடுக்கிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று தாளில் எழுதுவார்கள், அது அப்படியே ஏட்டில் ஏறும். அவர் உள்ளே இருக்கிறவர். கடைசி நாள், எல்லாரும் போனதும் சத்தமில்லாமல் வெளியே வந்து எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தார். மணி பன்னிரண்டு அடித்தது. டக்கென்று கதவைச் சாத்தினார். அந்தச் சுகத்தில் தான் வெளியே நிற்க வேண்டிய ஆள் என்பதையே மறந்துபோனார்! எத்தனையோ பேர் முகத்தில் சாத்திய கதவு, கடைசியில் சொந்த மூக்கையே நசுக்கிவிட்டது.

"அட மடையா," என்றார் சத்தமாக.

"யாரைச் சொல்றீங்க?"

"உங்களை இல்லை மேடம்."

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "அதனால என்ன, அனுமதிச் சீட்டு கொண்டு வாங்க. பிரிவுத் தலைவர் கையெழுத்து இருந்தா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

"அந்த ஆள் போடமாட்டான் மேடம்," என்றார் தல்மீரோ. "எனக்கு அவனைத் தெரியும்."

அலுவலகத்துக்கு ஓடினார். இழுப்பறையின் அடியிலிருந்த சீட்டுக் கட்டை எடுத்துத் தூசி தட்டினார். பேர் எழுதினார். காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு ‘கவனக்குறைவு’ என்று எழுதினார். பேனாவைக் கையெழுத்துக்குக் கொண்டுபோகிறபோது ஜன்னலில் நிழல் தட்டியது. ரொசீயோ இன்னும் போகவில்லை. படியில் உட்கார்ந்து கறி வைத்த எம்பனாதா தின்றுகொண்டிருந்தவள் எழுந்து வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓ, அந்தச் சீட்டு இருக்கத்தான் செய்யுதா சார்? நான் அச்சடிக்கிறதையே நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். அசடு வழிந்தது. அவளை ஏறிட்டுப் பார்க்கவே கூசியது. மனம் மாறித் திருந்தினார் என்றெல்லாம் நான் கதை கட்ட மாட்டேன். அவள் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் தன் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஓடியிருப்பார். இதைப் பிற்பாடு அவரே எல்லாரிடமும் சொன்னார். கட்டிலிருந்து இன்னொரு சீட்டைக் கிழித்தார்.

"உன் பேருக்கு முன்னெழுத்து உண்டா?"

"ரொசீயோ யப்பூரா. அவ்வளவுதான் சார்."

அவள் சீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டார், பிறகு தன்னுடையதில். ஏட்டில் பேராசிரியை பேனாவால் இரண்டு பெயர்களைச் சேர்த்தாள். லெதெஸ்மா, யப்பூரா. நடைபாதை பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "பயமா இருக்கா சார்?" என்றாள் அவள். "ஜன்னலுக்குள்ளே இருந்தவரைக்கும் இல்லம்மா," என்றார். முதலில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஆற்றங்கரையில் ஒரு தளபதி தன் படைக்குச் சொல்லும் பேச்சை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். வீட்டில் பார்த்து வைத்த பகுதிதான். ஆனால் பேராசிரியை பேனா பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. படையை ஆற்றில் இறக்கினார், கரையேற்ற வழி தெரியவில்லை. குதிரைகள் பேசின. தளபதியைத் தவறிப்போய்க் கொன்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தல்மீரோ," என்றாள் பேராசிரியை மெதுவாக, "பத்துக்கு நாலு வாங்கினா பாஸ். நியாயமாப் பார்த்தா இது ரெண்டு. நாங்க நாலுன்னு எழுதினா யாருக்கு என்ன நஷ்டம்?"

கேட்காமல் எழுதியிருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். அந்த அம்மாள் கேட்டுத் தொலைத்தாளே! தல்மீரோ ஏட்டைப் பார்த்தார். தன் பெயருக்கு அடுத்த வரியில் இருந்த பெயரையும் பார்த்தார்.

"ரெண்டுன்னே போடுங்க மேடம். என்னோடது தர்ம நாலுன்னு ஊருக்குத் தெரியாமப் போகாது. அப்புறம் அதுக்குக் கீழே இருக்கிறதையும் யாரும் நம்பமாட்டாங்க."

அவள் எழுதினாள். எண்ணிலும் எழுத்திலும். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

முற்றத்தில் ஒரு கூட்டமே நின்றிருந்தது. சுலெமா கையில் அட்டை நிறைய முட்டை. அலுவலக ஆட்கள், அவர் ஜன்னலில் திருப்பி அனுப்பிய பழைய மாணவர்கள், சாண்ட்விச் கடைக்காரன், எல்பா. எல்பா கையில் ஒரு மாவுப் பொட்டலம். அப்போதுதான் பழைய சட்டையின் குட்டு விளங்கியது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"கழிவறையில உட்கார்ந்து லத்தீன் பாடினா தெரியாமலா இருக்கும்?" என்றாள் சுலெமா. "சீக்கிரம் சொல்லுங்க, கை துறுதுறுங்குது."

"ரெண்டு," என்றார்.

சுலெமா கையில் எடுத்த முட்டையைத் திரும்ப அட்டையில் வைத்தாள். எல்பா பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கத்தான் செய்தது. இத்தனை வருஷம் சிரித்துச் சிரித்து மூடி வைத்திருந்தது அந்தப் பிடியில் வெளியே வரப் பார்த்தது. சாண்ட்விச் கடைக்காரன்தான், "அப்போ இந்த முட்டையை என்ன பண்றது பட்டதாரி ஐயா?" என்று கேட்டான்.

அந்தச் சமயம் கதவு திறந்தது. ரொசீயோ வெளியே வந்தாள். "எட்டு," என்றாள், யாரையும் பார்க்காமல். கூட்டம் யாருக்காகவோ நிற்கிறது என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அவளுக்காக ஓர் ஆள்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த முற்றத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

தல்மீரோ எல்பாவின் கையை விட்டார். சுலெமாவின் அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வேகவேகமாக நடந்து, தன் அறிவிப்பு ஒட்டியிருந்த தூணுக்கு அருகில் ரொசீயோவைப் பிடித்து, உச்சந்தலையில் மடாரென்று உடைத்தார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மஞ்சள் கரு நெற்றியில் வழிந்தது. "சார்! அறிவிப்புல உங்க கையெழுத்துதானே இருக்கு!"

"அந்த ஆள் இப்போ ஜன்னலுக்கு உள்ளே இல்லம்மா."

அவ்வளவுதான், கூட்டம் பாய்ந்துவிட்டது. தல்மீரோவுக்கென்று வாங்கிய முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்பா பொட்டலத்தைக் கிழித்து மாவைக் கொட்டினாள். ரொசீயோ சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, முகத்தில் மாவு. இரண்டு கைப்பிடி அள்ளி தல்மீரோவின் வழுக்கையில் அப்பினாள். பிறகு பிசுபிசுத்த விரலால் ஃபோனை அழுத்தி, "அம்மா, பாஸ்! பஸ் ஏறு! சித்திங்களையும் கூட்டிக்கிட்டு வா!" என்று கத்தினாள்.

கூட்டம் கலைந்ததும் ரொசீயோ அம்மா வருகிற பஸ்ஸை எதிர்பார்த்து ஆரஞ்சு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள்; சுலெமா துடைப்பானையும் வாளியையும் கொண்டுவந்து தல்மீரோ முன்னால் வைத்தாள். தூணைக் காட்டினாள். முதல் முட்டையை எறிந்தவர் அவர்தானே. மதியத் தூக்கத்துக்கு ஊரே அடங்கியிருந்த நேரத்தில், வெயிலில், நைந்த சட்டையோடு முற்றம் முழுக்கத் துடைத்தார். நாளைக்கு எல் இழுப்பறையிலிருந்து தன் கோப்பை எடுக்க வேண்டும், முத்திரை குத்த வேண்டும், மை சீராகத்தான் விழும் என்று நினைத்துக்கொண்டார். கண் கலங்கியது. வெங்காயம் நறுக்கியதாக அல்லவா எல்லாரும் சொல்வார்கள், நான் முட்டையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று சிரித்தார்.

தரை பளிச்சென்று ஆனபோது வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற கிழவி ஒரு கூடையை மார்போடு அணைத்திருந்தாள். நிறைய வீட்டுக் கோழி முட்டை.

"நேரமாயிடுச்சுங்களா ஐயா?" என்று கேட்டாள். "மூடிட்டீங்களா?"

தல்மீரோ ஈரத்தரையைப் பார்த்தார். துடைப்பானைச் சுவரில் சாத்திவைத்தார்.

"இல்லம்மா," என்றார். "வாங்க. அவ அந்த ஆரஞ்சு மரத்தடியிலதான் இருக்கா."